அம்மா பிரித்த தகர ரோபோ

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் மாடு, ஆடு, இடையர்களோடு ஒரு தகர ரோபோவும் நிற்கும். சின்ன வயதில் நான்தான் அதை அங்கே கொண்டுபோய் வைத்தேனாம். ராஜாக்கள் ஒட்டகத்தில் வரும்போது இது நடந்து வந்தால் என்ன என்று கேட்டேனாம். அப்பா சிரித்துவிட்டு அதை அங்கேயே இருக்கவிட்டார். பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் அதற்கு அங்கே ஓர் இடம் நிச்சயமாகிவிட்டது.

அப்பா டெம்போ ஓட்டினார். ஓசூர்த் தொழிற்பேட்டையிலிருந்து உதிரிபாகங்களை ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூர் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பழைய சாமான் சந்தையில் இந்த ரோபோவைப் பார்த்து வாங்கி வந்தார். அப்போதே அது பழசு. சாம்பல் நிற உடம்பு, சதுரத் தலை, மார்பில் சிவப்பு மஞ்சளாக அச்சடித்த டயல்கள், முதுகில் ஒரு சாவி. சாவியைத் திருகி தரையில் விட்டால் கைகளை வீசிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, டக் டக் என்று நடக்கும். சாவி கொடுப்பது அப்பா மட்டும்தான். நானும் தம்பியும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அது எங்கள் முகத்தை நோக்கி வருவதைப் பார்ப்போம்.

அம்மா அப்போது கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். விடியும் முன் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நிற்கும். நீல நிறச் சீருடைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி ஓடுவாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு கூட்டிப்போவார்கள். ஆனால் அன்று மெஷின்கள் நின்றிருக்கும், மேசைகள் காலியாக இருக்கும். "இதுதான் என் சீட்டு" என்று ஒரு ஸ்டூலைக் காட்டுவாள். நாங்கள் பார்த்துவிட்டு பிஸ்கட் கொடுக்கும் இடத்துக்கு ஓடிவிடுவோம்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று, விருந்தாளிகள் வந்திருக்கும்போது, ரோபோ பாதி வழியில் நின்றுவிட்டது. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். கடைசியில் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தார்.

"அத ஊத்தாதீங்க. இந்தக் குளிருக்கு உள்ள உறைஞ்சுக்கும்" என்றாள் அம்மா.

"உன் வாட்ச் வேற, இது வேற" என்று அப்பா ஊற்றினார்.

கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு அடியோடு நின்றுவிட்டது. விற்ற ஆளிடமே காட்டலாம் என்று அப்பா அதைப் பெங்களூருக்கு எடுத்துப்போனார். அந்த ஆள் அங்கே இல்லை. திரும்பக் கொண்டுவந்து, "நானே ஒருநாள் உட்கார்ந்து சரி பண்றேன்" என்று சொல்லி வைத்தார். அந்த ஒருநாள் வரவேயில்லை. நடக்காவிட்டாலும் குடிலில் அதன் இடம் போகவில்லை.

அப்பா இறந்த பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் குடில் வைக்கவில்லை. போன டிசம்பரில் நான் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தபோது, பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள் அம்மா. பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டு வந்தவள், ரோபோவைக் கையில் எடுத்ததும் வைக்கவில்லை. காதருகே பிடித்து, சாவியைத் துளி அசைத்துப் பார்த்தாள்.

"இதப் பிரிக்கலாமாடி?"

"உன்னால முடியுமா?"

அம்மா ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, வெள்ளை வேட்டித் துணி ஒன்றை விரித்தாள். பீரோவிலிருந்து ஒரு ட்வீசரும், கண்குழியில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸும் வந்தன. அவை வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. என் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னையும் உருவிக்கொண்டாள்.

ரோபோவின் முன்பாதியும் பின்பாதியும் தகர நாக்குகளால் மடித்துக் கோக்கப்பட்டிருந்தன. பழைய தகரம், வேகமாக நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். அம்மா ஒவ்வொரு நாக்கையும் கொஞ்சம் நிமிர்த்தி, அடுத்ததற்குப் போய், மறுபடி முதலாவதற்கு வந்தாள். கை மேசையில் ஊன்றியிருந்தது. விரல் நுனிகள் மட்டும் அசைந்தன. கறிவேப்பிலை உருவும்போதும் எனக்கு ஜடை பின்னும்போதும் பார்த்த கைகள்தான். ஆனால் இந்த அசைவை நான் பார்த்ததேயில்லை. மூச்சை எப்போது விடுகிறாள் என்றுகூடத் தெரியவில்லை.

முதுகுத் தகடு கழன்று வந்தது. உள்ளே பல்சக்கரங்களின் மேல் எண்ணெய் பழுப்புப் பசையாகப் படிந்திருந்தது. அம்மா லென்ஸை வைத்துக் குனிந்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு கேழ்வரகு மணி. குடிலில் பச்சை வளர்க்க நாங்கள் மண்ணில் தூவுகிற கேழ்வரகு.

"சாவியக் கெட்டியாப் பிடி. ஸ்பிரிங்கு முறுக்கோடயே நிக்குது. உங்கப்பா கடைசியாக் குடுத்த முறுக்கு."

நான் பிடித்துக்கொண்டேன். அவள் ட்வீசரால் மணியைக் கிள்ளி எடுத்தாள். சாவி என் விரல்களுக்குள் திரும்பப் பார்த்தது. "மெதுவா விடு" என்றாள். பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சக்கரங்கள் சோம்பலாகச் சுற்றின. ஒருக்களித்துக் கிடந்த ரோபோவின் கால்கள் காற்றில் முன்னும் பின்னும் போயின. முறுக்கு முழுதும் தீரும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா லென்ஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஏம்மா அப்பவே இதப் பிரிக்கல?" என்று கேட்டேன்.

"அவரே சரி பண்ணி உங்களுக்குக் குடுக்கணும்னு இருந்தாரு. நான் கை வெச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "எனக்கும் கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு" என்றாள்.

என் ஸ்கூட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துச் சக்கரங்களைக் கழுவினோம். இடது கையை அசைக்கும் கம்பி உள்ளே ஒடிந்திருந்தது. ஹேர்பின்னை வெட்டி வளைத்து அந்த இடத்தில் மாட்டினாள். தலையைத் திருப்பும் பல் மட்டும் தேய்ந்து போயிருந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டுத் தொட்டு வைத்தாள். நாக்குகளை மறுபடி மடித்து மூடி, என்னிடம் நீட்டினாள்.

"நீ குடு சாவி."

கிரானைட் தரையில் விட்டேன். நடந்தது. தலை நேராகவே நிற்க, கைகளை வீசிக்கொண்டு, அதே டக் டக். நான் யோசிக்காமல் குப்புறப் படுத்துவிட்டேன். சட்டையெல்லாம் தூசி. தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். "சாவி குடுத்துட்டு அப்பா எங்கே ஒளிஞ்சிருக்காரு?" என்று எழுதியிருந்தான்.

மறுநாள் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து அம்மாவின் தோழி வந்தார். தொழிற்சாலையில் அதே லைனில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், உத்தனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு. ரோபோவை ஒருமுறை நடக்கவிட்டுப் பார்த்தார். மறுமுறை கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இந்தக் கை தூக்கலா போவுதே. நம்ம சூப்பர்வைசரு பாத்திருந்தா ரிஜெக்ட்டுன்னு திருப்பிப் போட்டிருப்பாரு."

"நேத்தே தெரியும். கம்பி ஒரு நூல் அளவு ஜாஸ்தி" என்றாள் அம்மா.

"கட் பண்ணிடலாமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். தோழி வளையல்களை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்தார். தமிழும் தெலுங்கும் கலந்து, எனக்குத் தெரியாத யார் யாரையோ பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே, இருவரும் மறுபடி முதுகைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.