ஸட்ஜம் இல்லாத மைனர்

பள்ளிவாசல் மலைத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாத்தியார்கள். நான் கல்பாத்தியிலிருந்து போனவன், கர்நாடக சங்கீதம் கற்றவன். அவர் அந்த மலையிலேயே பிறந்தவர், கானமேளா என்கிற மேடைக் கச்சேரிகளில் கிடார் வாசிப்பவர். எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ஜீப் கவிழ்ந்து அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கிடாரை என் மடியில் வைத்தார். ஏ மைனர் நைன்த் என்று ஒரு கார்ட், ஐந்து ஸ்வரங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிப்பது, அவருக்கு உயிர். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றார்.

அவரிடம் வேடிக்கையாக நாலைந்து கார்டுகள் கற்றிருந்தேன், அவ்வளவுதான். சாதாரண மைனர் எனக்குப் புரியும்: ஸட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம். அதன் மேல் கைசிகி நிஷாதம், அதற்கும் மேல் ஒரு ரிஷபம் சேர்ந்தால் அவருடைய கார்ட். ஒன்றன்பின் ஒன்றாகப் பாடச் சொன்னால் தூக்கத்திலும் பாடுவேன். ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க என் விரல்கள் எட்டவில்லை. எட்ட வேண்டியதே இல்லை, ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விட்டுவிடலாம், அவற்றைக் கீழ் ஸ்வரங்கள் வாசிக்கிற பேஸ் கிடார்க்காரர் பார்த்துக்கொள்வார் என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்புராவில் எந்நேரமும் ஒலிக்கிற ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அல்லவா விடச் சொல்கிறார்!

"ஸட்ஜத்தை விட்டா அப்பறம் என்ன சார் இருக்கு?"

"நீங்க தொடாமலே அது இருக்கும். விட்டுப் பாருங்க சார்."

விட முடியவில்லை. பாழாய்ப்போன வலது கட்டைவிரல் தானாகவே ஸட்ஜத் தந்திக்குப் போய்விடும். தினமும் சாயங்காலம் இதே கூத்து. பொறுக்கமாட்டாமல் அவர் வாசித்துக் காட்ட இடது கையை நீட்டுவார். பிறகு அதைச் சால்வைக்குள் இழுத்துக்கொள்வார். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானே பேஸாக இருப்பதாகச் சொல்லி, அடித்தொண்டையில் ஸட்ஜத்தை முனகினார். இனி என் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. நிஷாதம், காந்தாரம், ரிஷபம் மூன்றை மட்டும் அழுத்தி மீட்டினேன். வந்துவிட்டது. அத்தனை நாளும் அபஸ்வரமாகப் பட்டது அன்று நான் தொடாத ஸட்ஜத்தோடு சேர்ந்து முழுசாக ஒலித்தது. சந்தோஷம் தாங்காமல் மறுபடி மீட்டினேன், மறுபடியும். அவருடைய முனகல் பாதியில் நின்றுபோனதை அப்புறம்தான் கவனித்தேன்.

"இதேதான் சார். சரியா வந்துருச்சு" என்றார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இனி இத எம் முன்னால வாசிக்காதீங்க" என்றார்.

கிடாரை அவரிடம் கொடுப்பதா, நானே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.