மோசஸ் அண்ணன் சாப்பிட்ட பீன்ஸ்

“இன்னைக்கு வேன் வராது. அப்பா விடியற்காலையில தவறிட்டாங்க.”

நம் வேன் வாட்ஸ்அப் குழுவில் மோசஸ் அண்ணனின் மகள் போட்ட இந்த இரண்டு வரியையும் கோவில்பதாகைத் தெருமுனையில் நின்றபடி படித்தேன். கையில் என் மகள் இனியாவின் பையும் தண்ணீர் பாட்டிலும். முதல் வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. பாப்பாவை யார் கொண்டுபோய் விடுவது, ஒன்பது மணிக்கு அம்பத்தூரில் ஆபீஸில் இருக்க வேண்டுமே என்றுதான் முதலில் தவித்தேன். இரண்டாவது வரி அதற்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் பற்றி இதே குழுவில் நான் முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறேன். நான்கு வரிதான். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். அந்த நான்கு வரியும் தவறு. அதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெருமுனை திரும்பும்போது குட்டியாக இரண்டு முறை அடிக்கும் ஹாரன், கண்ணாடிக்குக் கீழே மாதா சிலை, அதன் பக்கத்தில் மடித்து வைத்த துண்டு. எந்தப் பிள்ளைக்கு ஜன்னல் வேண்டும், எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும் என்று நம்மைவிட அவருக்குத் தெரியும். என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்.கே.ஜி.யில் சேர்ந்தபோது இனியா வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுவாள். இட்லி, தயிர்சாதம், ஆப்பத்தின் நடுப்பகுதி. காய் என்றால் வாயை இறுக மூடிக்கொள்வாள். நானும் செய்யாத வித்தை இல்லை. செல்போனில் பொம்மைப் படம் போட்டுக் காட்டி ஊட்டினேன், பீட்ரூட்டைப் பூரியில் பிசைந்தேன், கேரட்டை அரைத்துத் தோசைமாவில் கலந்தேன். கேரட்டின் ஒரு நாரை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் தோசையையும் தொடவில்லை. டாக்டர் எடை மெஷினில் ஏற்றச் சொல்லும்போதெல்லாம் முள்ளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பள்ளியில் புதன்கிழமை காய், வெள்ளிக்கிழமை பழம் என்று சட்டம் வேறு. முதல் சில வாரங்கள் டப்பா போனபடியே திரும்பி வந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்று அழுதிருக்கிறேன். என் கணவர் செந்தில், “பீன்ஸுக்கெல்லாம் ஒரு மனுஷி அழுவாளா?” என்று கேட்பார்.

பிறகு ஒரு புதன்கிழமை டப்பா காலியாக வந்தது. அடுத்த புதனும் காலி. பீன்ஸ், கோஸ், அவரைக்காய், எது வைத்தாலும் துடைத்த மாதிரி. நான் விடுவேனா? காலி டப்பாவைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். “எப்படிங்க செஞ்சீங்க?” என்று நீங்கள் கேட்டீர்கள். தேங்காயைக் கடைசியில்தான் தூவ வேண்டும், மிளகாய் கூடாது என்று செய்முறையை விளக்கமாக எழுதினேன். அந்த மாதம் நம் பகுதியில் நிறைய வீடுகளில் என் பீன்ஸ் பொரியல்தான்.

ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கே போனேன். சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டரைக்கே வெளியே வந்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரும்வரை தூங்குமூஞ்சி மரத்தடியில் வேனிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் மோசஸ் அண்ணன் திரும்பி உட்கார்ந்திருந்தார். மடியில் வரிசையாக நான்கைந்து டப்பாக்கள். கையில் இனியாவின் நீல டப்பா. என் பீன்ஸை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா பண்றீங்க?”

அவர் பதறவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “இன்னா மா, ஆபீஸ் இல்லியா இன்னிக்கி?”

“குழந்தைங்க சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றீங்களா? வெட்கமா இல்ல?”

“கோச்சுக்காத மா. டப்பா காலியாவலன்னா நீ அழுவியாம். உம் பொண்ணுதான் சொல்லுச்சு. மாமா, எங்கம்மா அழுவாங்க, நீ துன்னுடுன்னு குடுத்துச்சு. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?”

நான் கேட்கவில்லை. காதில் விழுந்தது, ஆனால் கேட்கவில்லை. இத்தனை பேரிடம் பெருமை அடித்துவிட்டோமே என்ற அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் மெதுவாக, “கொஞ்சம் பொறு மா. நான் துன்றதப் பாத்துகினே கீது. ஒருநாள் டப்பாவ அதுவே காலி பண்ணும்” என்றார். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். ஆட்டோவில் உட்கார்ந்தே அந்த நான்கு வரியை எழுதி அனுப்பினேன். குழந்தைகளின் சாப்பாட்டை வேன்காரர் சாப்பிடுகிறார், எல்லாரும் கவனமாக இருங்கள் என்று.

இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு அம்மாக்களும் இன்னும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். உங்கள் மேல் தவறு இல்லை, நீங்கள் என்னை நம்பினீர்கள். நான் மட்டும் இனியாவை நிறுத்தவில்லை. நல்ல மனதால் அல்ல. எங்கள் தெருவுக்கு வேறு வேன் வராது.

மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே இரண்டு ஹாரன். “வா கண்ணு, ஏறு” என்று பாப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலும் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, நான் எனக்காக நறுக்கி வைத்திருந்த கொய்யாவில் ஒரு துண்டை இனியா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்து, “இது நேத்து மாதிரி இல்ல, மணல் மாதிரி இருக்கு. மாமாகிட்ட சொல்லணும்” என்றாள்.

“எந்த மாமா?”

“மோசஸ் மாமாதான். அவங்களுக்கு சக்கரை இருக்கு, பழம் சாப்டக் கூடாது. நாங்கதான் சாப்ட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும்.”

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் பழ டப்பாவைத் திறந்து மோந்து மட்டும் பார்ப்பாராம். “எனக்குக் குடுத்து வெக்கல கண்ணு. நீ துன்னுட்டு சொல்லு, இன்னிக்கி எப்டி கீது?” என்பாராம். “நல்லா இருக்கு” என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாராம். “அது எல்லாரும் சொல்றது. எனக்கு நாக்குல தெரியற மாதிரி சொல்லு.” தெரியும்படி சொல்வதற்கு இன்னொரு துண்டு தின்றாக வேண்டும் அல்லவா? புதன்கிழமைக் காயை ஆரம்பத்தில் முழுவதும் அவரே சாப்பிட்டார். பிறகு பாதிக்குப் பாதி. நான் சத்தம் போட்ட நாளைக்குப் பிறகு அவர் காய் டப்பாவில் கை வைப்பதையே விட்டுவிட்டார். ஆனால் அதற்குள் பிள்ளைகள் தாங்களாகவே தின்னப் பழகியிருந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்த அன்றே குழுவில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன். கிறிஸ்துமஸுக்கு நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று அவரே வீடு தேடி வந்து கேக் கொடுத்தார். “பாப்பாக்கு முந்திரி போட்டது தனியா கீது” என்றார். வாங்கிக்கொண்டு, “உள்ளே வாங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன். “இன்னும் எட்டு ஊடு கீது மா” என்று போய்விட்டார். அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டேன். தினமும் காலையில் பார்க்கிற மனிதர்தானே, எங்கே போய்விடப்போகிறார் என்ற தைரியம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி ரோஸி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதானா அந்த பீன்ஸ்காரம்மா? புதன்கெயம வந்தா எங்கூட்டுக் கொயம்ப ஒதுக்கி வெச்சுட்டு உன் பொரியலத்தான் பேசுவாரு. உப்பு ஒரு கல்லு கம்மி, ஆனா நல்ல கைன்னுவாரு. பாவம், அந்தம்மா பொண்ணு துன்னலன்னு ரொம்ப பயந்துகினு கீதுன்னு சொல்வாரு.” அந்த நான்கு வரியைப் பற்றி அவரிடம் அண்ணன் சொல்லவேயில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லியிருந்தும் அக்கா பிடித்த பிடியை விடவில்லையோ என்னவோ. நான் கேட்கவில்லை.

இனியா ஒரு வாரமாகப் பழம் தொடவில்லை. பழைய பயம் எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று சப்போட்டா நறுக்கி அவள் முன் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். “சாப்ட்டு யார்கிட்ட சொல்றது?” என்று கேட்டாள். “என்கிட்ட சொல்லு” என்று வாய்வரை வந்தது. இந்த இரண்டு வருடத்தில் நான் அவளிடம் “சாப்பிட்டியா?” என்று ஆயிரம் முறை கேட்டிருப்பேன். எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதில்லை. மோசஸ் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தக் கேள்வியைத்தான்.

“இன்னிக்கி எப்டி கீது?” என்று கேட்டேன்.

“நீ அப்படிச் சொல்லாத. அது மாமா சொல்றது.”

“சரி. எப்படி இருக்கு?”

ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். நெடுநேரம் மென்றாள். கண் நிறைந்திருந்தது. “முதல்ல இனிப்பு, அப்புறம் நாக்கைப் பிடிச்சு இழுக்குது. தோல்கிட்ட இன்னும் பழுக்கல. மாமாகிட்ட சொல்லிடு.”

சொல்லிவிட்டேன், அண்ணா. பீன்ஸில் இப்போது ஒரு கல் உப்பு கூடுதலாகப் போடுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.