ஓரம் தூக்கிய பட்டை

செருப்புத் தொழிற்சாலையின் ஒட்டுமேஜையில் எட்டுப் பெண்கள். அதில் நம்மவளுக்கு ‘அளவுக்காரி’ என்று பட்டப்பெயர். பிரஷ்ஷைத் தொடமாட்டாள், கையுறை போட்டால் பசையின் கனம் தெரியாது என்பாள். வெறும் விரலால் ஓர் இழுப்பு இழுத்தாளென்றால் அடிப்பாகம் ஆயுசுக்கும் பிரியாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே!

அந்த விரல்கள்தான் அரிக்கத் தொடங்கின. பிறகு சிவந்தன, வெடித்தன. வீட்டில் பழி விழாத பொருள் இல்லை. சோப்பை மாற்றினாள், கத்தரிக்காயை நிறுத்தினாள், கணவர் ஆசையாக வளர்த்த பூனையை நாத்தனார் வீட்டுக்கு நாடு கடத்தினாள். பசையை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சூப்பர்வைசர் செருப்பு வைக்கிற அட்டை டப்பா மடிக்கிற பக்கம் தள்ளிவிடுவார்.

கண்ணிமையும் வீங்கியபோது கணவர் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, டாக்டர் அவள் முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டினார்.

“ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது. பட்டை பிரியவும் கூடாது.”

மறுநாள் ஒரு பட்டை ஓரம் தூக்கியது. அடுத்தவர் ஒட்டியதைக் குறை சொல்லியே பழகியவளுக்கு இது பொறுக்குமா?

“ஏங்க, இந்த டாக்டருக்கு ஒட்டவே தெரியலை. அலமாரில நான் ஃபேக்டரிலேருந்து கொண்டுவந்த பசை டப்பா இருக்கு. சுத்தி ஒரு இழுப்பு இழுத்து விடுங்க.”

“தண்ணியே படக்கூடாதுன்னாரே?”

“தண்ணிதானே! பசை படக்கூடாதுன்னு சொன்னாரா?”

கணவர் டப்பாவை எடுத்துவந்து ஒட்டிவிட்டார்.

இரண்டு நாள் கெடு முடிந்து பட்டையைப் பிரிக்க டாக்டருக்கு மூச்சு வாங்கியது. அடியில், பசை தடவிய இடமெல்லாம் படத்துக்குச் சட்டம் போட்டதுபோலச் சிவந்து கிடந்தது. விஷயத்தைக் கேட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

“டெஸ்ட்டைக் கெடுத்துட்டீங்கம்மா. ஆனா திருடன் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்.” இந்தப் பசை இனி தோலில் படவே கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் சீட்டைப் படித்தார். “நாளைலேருந்து டப்பா மடிக்கப் போயிடும்மா.”

பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பசை ஊறாத கையுறை வாங்கிக் குடுங்க சார். பிரஷ்ஷுலயே ஒட்டறேன்.”

“அதுக்கெல்லாம் மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்ப நானும் டப்பாவுக்கே வரேன் சார்.” பக்கத்து நாற்காலிக்காரி கையை நீட்டினாள். விரலெல்லாம் வெடிப்பு. ஆறு மாதமாக முட்டையை நிறுத்திப் பார்க்கிறாளாம். அடுத்தவள் மாமியார் வாங்கிய போர்வையைத் திட்டிக்கொண்டிருந்தாளாம். ஒவ்வொருத்தியாக நீட்ட, மேஜை முழுக்கச் சிவந்த கைகள்.

சூப்பர்வைசர் திருதிருவென்று விழித்தார். “எல்லாரும் டப்பா மடிக்கப் போயிட்டா, உள்ளே எதைம்மா வைக்கிறது?”

“அதை மேலிடத்துலயே கேட்டுட்டு வாங்க சார்,” என்றாள் அளவுக்காரி.

அவர் சீட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.