பையில் இருந்த ஏழு மாத்திரை

என் தங்கையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அவள் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது கிடையாது. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். சனிக்கிழமைகளில் நகராட்சி மைதானத்துக் குழாயடியில் வேனைக் கழுவப் போகும்போது, வீட்டில் அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று இவளையும் ஏற்றிக்கொண்டு போவார். அங்கே ஒரு டென்னிஸ் கோர்ட், அதை ஒட்டி ஒரு சுவர். நரம்பு அறுந்த பழைய ராக்கெட் ஒன்றை யாரோ கொடுக்க, இவள் அந்தச் சுவரோடு சண்டைக்கு நின்றாள். அப்போது ஒன்பது வயது. பத்தொன்பதிலும் அதைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் குடும்பம் என்றைக்கோ உருப்பட்டிருக்கும் என்று அம்மா சொல்வாள். அம்மா சொல்வதில் தப்பொன்றும் இல்லை.

டென்னிஸ் ஆட்டக்காரி என்றதும் டிவியில் வருவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மட்டத்தில் பார்வையாளர் என்றால் நான், எதிராளியின் அம்மா, நிழல் தேடி வந்த நாய் ஒன்று. பந்து வேலிக்கு அப்பால் போனால் ஆடுகிறவளே போய் எடுத்து வரவேண்டும். தோற்றால் அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவோம், அறை வாடகை மிச்சம். காலுறையை வாஷ்பேசினில் துவைத்து ஃபேனில் கட்டிக் காயவைத்துக்கொண்டு, பதினான்கு மாதத்தில் இருபத்தி மூன்று ஊர் அலைந்தோம். ஊர் சுற்றிப் பார்த்தாயா என்று நான் வேலை பார்க்கும் கடையில் கேட்பார்கள். எல்லா ஊரிலும் பஸ் ஸ்டாண்டையும் ஒரு கம்பி வேலியையும் பார்த்தேன்.

இதில் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் ஆடுகிற பெண்களை வரிசைப்படுத்தித் திங்கட்கிழமைதோறும் வெளியிடுவார்கள். அதில் பெயர் வரவேண்டுமானால், மூன்று வெவ்வேறு போட்டிகளில் பிரதானச் சுற்றில் ஒரு ஆட்டமாவது ஜெயித்து, போட்டிக்கு ஒரு புள்ளியாவது வைத்திருக்கவேண்டும். புள்ளிக்கு ஆயுள் ஒரு வருடம்தான், பிறகு உதிர்ந்துவிடும். வாலு தலைகீழாக நின்று இரண்டு புள்ளி எடுத்திருந்தாள். மூன்றாவது மட்டும் எட்டு மாதமாகக் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் இருந்தது.

இதற்கிடையில் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேன் போய்விட்டது. அப்பா வாலுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த ஒரு போட்டிதான்மா. பட்டியல்ல பேர் வந்தா மைதானத்து டென்னிஸ் கிளப்காரங்க உன் செலவ ஏத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. வரலன்னா ஒண்ணாந்தேதி ஷோரூம்ல பில்லிங் வேலைக்குப் போயிடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் வாலு சண்டை போட்டிருப்பாள். அவர் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

நான் மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். எங்கள் முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. "வர்றவங்ககிட்ட இல்லைங்கிற வார்த்தைய சொல்லாத. நாளைக்கு வந்துடும்னு சொல்லு" என்பார். ஆறு வருடமாக அதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாலுவோடு போகும்போதெல்லாம் ஒரு சின்ன ஜிப் பையில் சகலமும் கொண்டுபோவேன்: மணிக்கட்டுக்கு டேப், கத்தரிக்கோல், தலைவலி, வயிற்றுவலி, காய்ச்சல். எதிராளிகள்கூட வந்து வாங்கிப்போவார்கள். அந்தப் பெண்களிடையே எனக்கு மெடிக்கல் அக்கா என்று பெயர்.

அந்தக் கடைசிப் போட்டிக்கு எங்களோடு அறையைப் பங்குபோட்டவள் தூங்குமூஞ்சி. வாலு வைத்த பெயர். கோர்ட்டில் இறங்கும்வரை கண்ணைத் திறக்கமாட்டாள், இறங்கினால் எதிராளியைத் தூங்கவிடமாட்டாள். அவள் ஏற்கெனவே பட்டியலில் இருந்தாள், சரியாக மூன்றே புள்ளியோடு. அதனால் நேராகப் பிரதானச் சுற்றில் இடம். வாலு தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே போகவேண்டும். இரண்டு ஜெயித்தாள். மூன்றாவதில், மணிக்கட்டு வீங்கி, டைபிரேக்கரில் தோற்றாள்.

முழுசாகக் கதவு சாத்தப்படவில்லை. லக்கி லூசர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பிரதானச் சுற்றில் யாராவது கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் ஒருத்தியை அந்த இடத்தில் இறக்குவார்கள். காத்திருக்கிறவர்கள் பட்டியலில் வாலு முதல் ஆள். போனில் அம்மாவுக்குச் சொன்னேன்.

"லூசா? யாரு லூசு?" என்றாள் அம்மா.

"தோத்தும் அதிர்ஷ்டக்காரின்னு அர்த்தம்மா."

"தோத்ததுல என்னடி அதிர்ஷ்டம்? லூசுன்னு அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்."

திங்கள் முழுவதும் வாலு ஷூ கயிற்றைக் கட்டியபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாராவது நொண்டினால் நிமிர்ந்து பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காக வெட்கப்பட்டாள். நான் வெட்கப்படவில்லை. எவளுக்காவது கால் பிசகாதா என்று வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டேன். எவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் தூங்குமூஞ்சி அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "வர்ற திங்கக்கிழமை எனக்கு ஒரு பாயின்ட் காலாவதி ஆகுதுக்கா. நாளைக்கு ஜெயிச்சாதான் லிஸ்ட்ல நிப்பேன்" என்றாள். "காலாவதியான சரக்க எங்க கடையில வாங்கமாட்டோம், ஒழுங்கா ஜெயிச்சுட்டு வா" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். காத்திருப்பவர்கள் தினமும் காலையில் ரெஃபரியின் மேஜையில் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் வாலு முன்னதாகவே போய்விட்டாள். அதற்குமுன் சுவரில் கொஞ்சம் அடித்துப் பார்க்கவேண்டுமாம். குளியலறையிலிருந்து குழாய்ச் சத்தத்தையும் மீறி ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. தூங்குமூஞ்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ராத்திரியிலேர்ந்து இது நாலாவது தடவைக்கா. வாந்தி நிக்கிற மாத்திரை இருக்கா?"

என் கை பழக்கத்தில் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டது. இருந்தது. பத்து மாத்திரை அட்டையில் மூன்று போக ஏழு. ஒன்றைப் போட்டு அரைமணி படுத்தால் இவள் எழுந்துவிடுவாள், பத்து மணிக்கு ஆடிவிடுவாள். ஆறு வருடம் கவுண்டரில் நின்றவளுக்கு அது தெரியும். பெஞ்சில் ஷூ கட்டி உட்கார்ந்திருந்த வாலுவும் கண்முன் வந்தாள்.

"தீந்துபோச்சேம்மா" என்றேன்.

கடையில்கூட நான் சொல்லாத வார்த்தை அது.

"பரவால்லக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள் படுத்துவிட்டாள். சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. நான் உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன், அடுத்த தடவை வாந்தி எடுக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைச் செய்தேன்.

அந்தப் பக்கத்தில் கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும். மைதானத்தில் இருந்த பிசியோ மாத்திரை கொடுக்கத் தனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். டாக்டர் பத்தரைக்குத்தான் வருவார். ஒன்பதேகாலுக்கு ரெஃபரியின் மேஜைக்குப் பக்கத்திலேயே தூங்குமூஞ்சி மறுபடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, விலகுவதாகக் கையெழுத்துப் போட்டாள்.

வாலுவின் பெயரை மைக்கில் அழைத்தார்கள். அவள் ரெஃபரியிடம் போகாமல் முதலில் தோழியிடம் ஓடினாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"என்னத்தயோ தின்னுட்டேன்போல. மெடிக்கல் அக்காகிட்டகூட மாத்திரை தீந்துபோச்சு, என் நேரம் பாரு. எனக்கு பதிலா நீதான் போற. தோத்துட்டு வந்தே, கொன்னுடுவேன்."

வாலு திரும்பி என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "டேப் வேணும்க்கா" என்று என் மருந்துப் பையை அப்படியே வாங்கித் தன் கிட் பையில் போட்டுக்கொண்டாள். கோர்ட்டுக்குள் நான் போகக்கூடாது. பையைத் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எதிராளி ஒரு நெட்டைப் பெண், இடது கைக்காரி. முதல் செட்டை வாலு நான்குக்கு ஆறில் விட்டாள். இரண்டாவதைத் தம் கட்டி ஏழுக்கு ஐந்தில் பிடித்தாள். தூங்குமூஞ்சி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்து, கைதட்டத் தெம்பில்லாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது செட் நான்குக்கு நான்கு. அடுத்த கேமில், நெட்டைப் பெண் அடித்த இரண்டு பந்து வலையில் விழுந்ததில், ஐந்துக்கு நான்கு என்று வாலு முன்னால் போனாள். இடம் மாறும் நேரம். இன்னும் ஒரே ஒரு கேம், அவளுடைய சர்வ்.

மணிக்கட்டு டேப் பிரிந்து தொங்கியது. மருந்துப் பையைத் திறந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். டேப் சுருளை இழுத்தபோது அதோடு அட்டையும் வந்தது. மடியில் வைத்து அதைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பெயரைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து வேலிக்கு இந்தப்புறம் நின்ற என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்ல. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அம்பயர் நேரம் முடிந்ததென்று சொல்ல, அட்டையை உள்ளே வைத்து ஜிப்பை மூடினாள். டேப் சுற்றாமலேயே எழுந்து போனாள்.

முதல் சர்வே டபுள் ஃபால்ட், இரண்டு பந்தும் வலையில், புள்ளி எதிராளிக்கு. இரண்டாவதும் டபுள் ஃபால்ட். வேண்டுமென்றே விடுகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. தோற்றுத் தொலைக்கட்டும், வீட்டுக்குப் போவோம், ஷோரூமில் பில் போடட்டும், நான் தூங்குவேன். அப்போது வேலியோரமிருந்து தூங்குமூஞ்சி இருக்கிற சக்தியையெல்லாம் கூட்டிக் கத்தினாள்: "வாலு, கண்ண தொறந்து ஆடு!"

வாலு பந்தை நான்கு முறை தரையில் தட்டினாள். அதற்குப் பிறகு அடித்த சர்வ்கள் எதையும் நெட்டைப் பெண்ணால் ஒழுங்காகத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அடுத்தடுத்து நான்கு புள்ளி. ஆட்டம் முடிந்தது. எட்டு மாதம் தவமிருந்த, பட்டியலுக்கான மூன்றாவது புள்ளி.

கை குலுக்கிவிட்டு வெளியே வந்தவள் என்னைத் தாண்டிப் போனாள். தோழியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எண்ணி, தூங்குமூஞ்சி அவள் முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் இரண்டாவது சுற்றில் வாலு நேர் செட்டில் தோற்றாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏழு மணி நேரம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும் முன்னால் தன் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"தூங்குமூஞ்சி குடுத்தா. உன்கிட்ட தீந்துபோச்சாமே. வழியில யாருக்காவது தேவப்பட்டா அக்கா என்ன பண்ணுவாங்கன்னு கடை தொறந்ததும் போய் வாங்கினாளாம்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"குடுத்துடறேன்னு சொன்னேன்."

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. ஆயிரத்துச் சொச்சமாவது இடத்தில், அதே புள்ளியில் நிற்கும் ஒரு கும்பலுக்கு நடுவே வாலுவின் பெயர். கிளப்காரர் போன் செய்து வாழ்த்தினார். அம்மா யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். அப்பாவால் படிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கியது. என்னையே மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "உங்ககூட ரூம்ல இருந்துச்சே, அந்தத் தூங்குமூஞ்சிப் பொண்ணு, அது பேரு எங்க இருக்கு?"

வாலு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

நாளைக்கு வந்துடும் என்று சொல்லத்தான் என் வாய்க்கு வரும். "இல்லப்பா" என்றேன்.

"ஏன் இல்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறரை மணி, ஜிப், ஏழு மாத்திரை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் உட்பட. அப்பா கலங்கிய கண்ணால் நான் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு முழுவதும் கேட்டார். எனக்காகத்தானே செய்தாய் என்று வாலுவும் சொல்லவில்லை, குடும்பத்துக்காகத்தானே என்று அம்மாவும் சொல்லவில்லை.

"அந்தப் புள்ளையோட நம்பர் இருக்கா?" என்றார் அப்பா, வாலுவிடம்.

வாலு என் போனை எடுத்து எண்ணைப் போட்டு, என் கையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். தூக்கக் கலக்கக் குரல்.

"அக்கா, மாத்திரை குடுத்தாளா?"