வரும் வேறு, வரணும் வேறு

வேலையின் பெயர் சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ். அப்பாவுக்கு அதை விளங்க வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுப் பேச வேண்டும். அவர்கள் சரி என்றால், கம்பெனியிலிருந்து இன்னொருவர் போய்ப் பொருளைக் காட்டி விற்பார். "அப்ப விக்கது நீ இல்லையால?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கு அதில் சேல்ஸ் என்று இருக்கிறது என்று முணுமுணுத்தபடி சீனிச் சாக்கைப் பிரிக்கப் போய்விட்டார்.

எங்களுக்குத் தூத்துக்குடி பக்கம் மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை. பி.காம். முடித்ததிலிருந்து கல்லாவில் நான்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, கல்யாணம் ஆகும் வரைக்கும். மனைவி ஓட்டப்பிடாரத்துக்காரி. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாண லீவு முடிந்ததும் அவள் ஹாஸ்டலுக்குப் போனாள், நான் கல்லாவுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்ததெல்லாம் பெரும்பாலும் போனில்தான். அவள் ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை, விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியென்றால் நான்தான் போக வேண்டும். சும்மா போய் அவள் சம்பளத்தில் உட்கார முடியுமா? எனக்கும் அங்கே ஒரு வேலை வேண்டும்.

அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. லாரி எங்கே நிற்கிறது, சரக்கு எப்போது போய்ச் சேரும் என்று காட்டும் சாஃப்ட்வேர். தென் மாவட்டத்து லாரி உரிமையாளர்களிடம் தமிழில் பேச ஆள் தேடினார்கள். முன் அனுபவம் வேண்டாம், ஆபீஸ் சென்னையில். என்னை மனதில் வைத்தே போட்டது போல இருந்தது. போனில் நடந்த முதல் சுற்றில் தேறியும் விட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். பேச்சில் என்னை ஜெயிக்க ஆள் உண்டா என்பது அவள் கணக்கு. பொறுத்துச் செய்யலாம் என்று நானும் சொல்லவில்லை. எனக்கும் அதே கணக்குதான்.

இரண்டாம் சுற்று வீடியோவில். கடை மாடியில் சரக்கு வைக்கும் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். பின்னால் இருந்த வத்தல் மூட்டைகள் தெரியாமல் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் வீட்டில் கட்டுகிற சாரம்தான். திரையில் வந்தவர் ஒரு மேனேஜர் அம்மா. சென்னைத் தமிழ், சிரித்த முகம். சாஃப்ட்வேரில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று ஒரு தாள் அனுப்பிப் படிக்க நேரமும் கொடுத்தார். பிறகு, "நான் தூத்துக்குடியில லாரி வச்சிருக்கிற ஆளுன்னு நினைச்சுக்கோங்க. எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

"வணக்கம் அண்ணாச்சி" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தைரியம் வந்துவிட்டது. துறைமுக வாசலில் வண்டி காத்துக் கிடப்பதையும், டிரைவர் போனை எடுக்காமல் இருப்பதையும் சொல்லிச் சொல்லிப் பேச்சை வளர்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீடு கிடைத்தாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் டிரைவருக்குத் தினப்படி கொடுக்கும் பேட்டா கணக்கு இதில் இருக்கிறதா என்று கேட்டார். தாளில் இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"வரணும் அண்ணாச்சி" என்றேன்.

எப்போது வரும் என்றார்.

"சொல்லியிருக்கு."

எங்கள் பக்கத்துக் கடைகளில் கல்லாவில் இருப்பவன் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. காலையில் கடை திறந்த நேரத்திலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் அந்தச் சொல் வந்தால் அப்பா முறைப்பார். சரக்கு இல்லை என்றால் 'வரணும்' என்போம். கேட்டவர் மறு பேச்சில்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விடாமல் எப்போது என்று கேட்டால் 'சொல்லியிருக்கு'. அது முதல் இல்லையைவிடப் பெரிய இல்லை. நேற்று வரணும் என்றாயே, ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருவரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. ஆனால் சென்னைக் காதில் அது வாக்குறுதியாக விழுந்துவிட்டது.

அந்த அம்மா நடிப்பை நிறுத்தினார். "தாள்ல அது இல்லைன்னுதானே போட்டிருக்கு? அப்புறம் ஏன் வரும்னு சொன்னீங்க?"

வரும் என்று நான் சொல்லவே இல்லை. வரணும் என்றுதான் சொன்னேன். இந்த ஒன்றை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம், கடைக்காரன் புத்தி என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சாரி மேடம்" என்றேன். கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவராகவே வழிவிட்டார். அதற்கும் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். இத்தனைக்கும் பேச்சுத்தான் அந்த வேலைக்கு மூலதனம்.

அந்த வாரமே அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லாததை வரும் என்று சொல்லி நீங்கள் ஆள் பிடித்துக் கொடுத்தால், நேரில் போகிறவர்தான் திட்டு வாங்குவார் என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "சரியாத்தானல சொல்லியிருக்க" என்றார். என் தப்பு எது என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அது வேறு என்னைக் குத்தியது.

மனைவி டியூட்டி முடிந்து கூப்பிட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லியிருக்கு என்ற இடத்தில் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு வேலை இல்லை என்று அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, ஹாஸ்டலில் அவளுடைய கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா என்று மெதுவாக யோசித்துக்கொண்டே பேசினாள். வேறு வேலை தேடலாம் என்று நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட மட்டும் வாய் ஓயாம பேசுதீய" என்றாள். "அங்கன எனக்காக ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்லா?"