மிஸ் பாலியாக இருந்தவள்

லொரெட்டா ஷிமான்ஸ்கிக்கு ஒரு பாட்டில் பீர் வேண்டுமென்றால் டொலிடோவில் வாங்க முடியாது. கடை இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு தேவாலயம் என்றால் இரண்டு மதுக்கடை உண்டு. ஆனால் அவள் உள்ளே கால் வைத்ததும் எங்கிருந்தாவது ஒரு குழந்தை, "அம்மா, மிஸ் பாலி!" என்று கத்தும். அதனால் சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான மிச்சிகனுக்குப் போவாள். அங்கேயும் எங்கள் தொலைக்காட்சி தெரியும் என்பதால் தலையில் ஒரு துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"கள்ளக்காதலனப் பாக்கப் போறவ மாதிரி போறேன் எர்வின். புருஷனும் இல்ல, காதலனும் இல்ல. வெறும் பீரு!" என்பாள்.

நான் எர்வின் டோத். பதினைந்து வருஷம் அவளோடு வேலை பார்த்தேன். அவள் நிற்கும் மேசைக்கு அடியில் குந்திக்கொண்டு, கையில் மாட்டிய துணி வாத்தை மேலே நீட்டி ஆட்டுவதும், அதற்குக் குரல் கொடுப்பதும் என் வேலை. வாத்தின் பெயர் கஸ். அறுபதுகளில் எங்கள் ஊரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் கஸ்ஸைத் தெரியும். என்னைத் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

லொரெட்டா எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் தட்டச்சு செய்ய வந்தவள். ஐம்பத்தைந்தாம் வருஷம் குழந்தைகள் நிகழ்ச்சியில் மிஸ் பாலியாக வர எடுத்திருந்த பெண் முதல் நாளே வராமல் போக, தைத்து வைத்த உடுப்பு யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் கோல் சுழற்றிப் போகும் பெண்களின் உடுப்பு அது. பொன் சரிகை வைத்த சிவப்புச் சட்டை, குட்டைப் பாவாடை, வெள்ளை பூட்ஸ், இறகு செருகிய உயரமான தொப்பி. லொரெட்டாவுக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. "ஒரு வாரம் சமாளிம்மா" என்றார் மேலாளர் ப்ரெண்டல்.

அந்த வாரம் முடியவே இல்லை. குழந்தைகளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒப்பந்தம் நீட்டினார்கள். பெயர், உடுப்பு, பாட்டு எல்லாம் நிலையத்துக்குச் சொந்தம். பொது இடத்தில் குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. மிஸ் பாலி எப்போதும் 'மிஸ்'தான், கல்யாணம் கூடாது. பக்கவாதத்தில் விழுந்த அப்பா வீட்டில் இருந்தார். தட்டச்சுச் சம்பளத்தைவிட இது எவ்வளவோ மேல். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு வால்ட் க்ரூகர் என்று ஒருவன் இருந்தான். குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவன், பொறுமைசாலி. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் லொரெட்டா கல்யாணப் பேச்சை எடுப்பாள். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருகிற ரொட்டிக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று ப்ரெண்டல் கையை விரிப்பார். வால்ட் ஒன்பது வருஷம் காத்திருந்தான். அதற்குமேல் அவனாலும் முடியவில்லை. ஒரு நாள் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "வால்ட்டுக்குக் கல்யாணமாம். பொண்ணு நான் இல்ல" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டாள்.

தினமும் பத்துக் குழந்தைகள் எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். பிறந்தநாள் குழந்தைக்குக் காகிதக் கிரீடம், கேக், ஒரு பாட்டு. முதல் பத்து வருஷம் பெஞ்சில் வெள்ளைக் குழந்தைகள் மட்டும்தான். டோர் தெருப் பக்கத்துக் கறுப்பினத் தாய்மார் கேட்டால் இடமில்லை என்று பதில் போகும். "ஏன் சார் இடமில்ல?" என்று லொரெட்டா ஒருமுறை கேட்டதற்கு, "நீ பாட்டப் பாடு" என்றார் ப்ரெண்டல். அறுபத்தைந்தில் அந்தத் தாய்மார் சேர்ந்து அந்த ரொட்டியை வாங்குவதை நிறுத்தினார்கள். சில வாரங்களிலேயே பெஞ்சில் இடம் வந்துவிட்டது.

ஊர் அப்படி வேகமாக மாறிக்கொண்டிருந்தது. பையன்கள் முடி வளர்த்தார்கள், பெண்கள் கால்சட்டை போட்டு வேலைக்குப் போனார்கள், லொரெட்டாவின் பெஞ்சில் உட்கார்ந்து கேக் தின்ற பிள்ளைகள் கிடாரைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு ஓடினார்கள். நாற்பது வயதில் அவள் அதே குட்டைப் பாவாடையில் நின்றாள். தொப்பியை மட்டுமாவது எடுத்துவிடலாமா, கழுத்து வலிக்கிறது என்று கேட்டாள்.

"எதெல்லாமோ மாறுது லொரெட்டா. ஒண்ணாவது மாறாம இருக்கட்டும்னு அம்மாமாரு நெனைக்கிறாங்க" என்றார் ப்ரெண்டல்.

"அந்த ஒண்ணு என் தலையாத்தான் இருக்கணுமா சார்?"

அறுபத்தேழு இலையுதிர் காலத்தில் ஸ்டெல்லா பியாட்டெக் என்ற பெண் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். மகன் ரேமண்ட் வியட்நாமில் செத்துப்போனான். வயது பத்தொன்பது. ஏழு வயதில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவன். மிஸ் பாலி அடக்கத்துக்கு வர வேண்டும், அந்த உடுப்பிலேயே வர வேண்டும் என்பது தாயின் வேண்டுகோள்.

லொரெட்டா முடியவே முடியாது என்றாள். "சவப்பெட்டி முன்னால தொப்பியில இறகு வச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா? அந்தப் புள்ளைக்கு அது அவமரியாதை இல்லையா?" என்று என்னிடம் சத்தம் போட்டாள். ஆனால் பெற்றவள் கேட்டதைத் தட்டவும் மனம் வரவில்லை. உடுப்பின்மேல் நீளமான கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு வந்தாள். நான்தான் காரை ஓட்டினேன்.

அடக்கத்துக்குமுன் உடலை வைக்கும் கூடம் லக்ரேஞ்ச் தெருவில் இருந்தது. கொடி போர்த்திய பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். போலிஷ் கிழவிகள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா வந்து லொரெட்டாவின் கோட்டுப் பொத்தான்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைக்குக் கழற்றுவதுபோல.

"அவன் ஒங்க கிரீடத்தோடயே தூங்குவான் மிஸ் பாலி. கிழியிற வரைக்கும் கழட்டல. அந்தப் பாட்ட ஒரு தரம் பாடுங்க."

"அது பொறந்தநாள் பாட்டும்மா."

"தெரியும். பாடுங்க."

பாடினாள். கிழவிகள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னால் ஒரு சிறுவன், "வாத்து எங்க?" என்று கேட்க, யாரோ அவன் வாயைப் பொத்தினார்கள். லொரெட்டா ஒரு சொல் தவறாமல் கடைசிவரை பாடினாள், முகத்தில் அந்தத் தொலைக்காட்சிச் சிரிப்போடு. காரில் ஏறிய பிறகு, "சிரிப்ப நிறுத்த முடியல எர்வின். வாய் தானா அப்படிப் போயிடுது" என்றாள்.

ப்ரெண்டல் ஒரு புகைப்படக்காரனை அனுப்பியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அதைப் பார்த்து இன்னொரு தாய் அழைத்தாள், குளிர்காலத்தில் மற்றொருத்தி. மூன்று அடக்கத்துக்கும் லொரெட்டா அதே உடுப்பில் போனாள். ஊரே அவளை வாழ்த்தியது. அவள் வீட்டில் தூக்கமில்லாமல் கிடந்தாள். சாயங்காலம் எங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் அதே படப்பிடிப்புக் கூடத்தில் செய்தி வாசிப்பார்கள். அவள் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் திரையில் ஹெலிகாப்டர்கள் இறங்கும். முன்பெல்லாம் எழுந்து போய்விடுவாள். இப்போது முகங்களை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் அது நடந்தது. அன்றைய பிறந்தநாள் குழந்தை வெர்னெட்டா டில்லர்ட், டோர் தெருப் பெண், ஆறு வயது, தலையில் மஞ்சள் ரிப்பன்கள். நேரடி ஒளிபரப்பு.

"ஒனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று லொரெட்டா வழக்கம்போலக் கேட்டாள்.

"எங்கண்ணன் வியட்நாம்ல இருக்கான். அவன் திரும்பி வந்துடுவான்ல மிஸ் பாலி?"

இதற்கெல்லாம் எங்களிடம் தயார் பதில் உண்டு. 'நல்ல பிள்ளைங்க வேண்டிக்கிட்டா எல்லாம் நடக்கும்' என்று சொல்லிவிட்டு வாத்தைக் கூப்பிட வேண்டும். நான் கஸ்ஸைத் தூக்கத் தயாராக இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. மேசையைச் சுற்றி வந்து, தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, குழந்தை முன்னால் மண்டியிட்டாள்.

"தெரியலடா. வருவான்னு சொல்ல எனக்கு ஆசதான். ஆனா இந்த பெஞ்சில ஒக்காந்த மூணு பேரு திரும்பி வரல. அதுல ரேமண்டுக்கு நான் பாட்டுப் பாடினேன். எதுக்காகப் போனாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லல. ஒனக்குச் சொன்னாங்களா?"

வெர்னெட்டா இல்லையென்று தலையாட்டினாள். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் ப்ரெண்டல் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார். எனக்கு வாத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் குழந்தைதான் எங்களைக் காப்பாற்றியது.

"சரி. இப்ப கேக் வெட்டலாமா?"

விளம்பர இடைவேளைக்குள் தொலைபேசிகள் அலற ஆரம்பித்துவிட்டன. பாதிப் பேர் துரோகி என்றார்கள், பாதிப் பேர் அழுதார்கள். மறுநாள் ஸ்டெல்லா பியாட்டெக் நேரில் வந்தாள்.

"என் புள்ள பேர டிவியில சொல்ல நீ யாருடி? எதுக்குப் போனான்னு கேக்குறியே, அவன் சும்மா செத்தான்னு ஊருக்கெல்லாம் சொல்றியா?"

ஸ்டெல்லா அடிக்கக் கையோங்கிவிட்டு, அடிக்காமல், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். லொரெட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேலை போய்விடும் என்று நினைத்தோம். லொரெட்டா அதை எதிர்பார்த்து மேசையைக்கூடக் காலி செய்துவிட்டாள். ப்ரெண்டல் அப்படிச் செய்வாரா? அந்த வாரம் பார்த்த அத்தனை பேர் அதற்கு முன் நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை. "எல்லாரும் தப்பு பண்றதுதான்ம்மா" என்று தோளைத் தட்டிவிட்டு, இனி நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்வோம் என்றார். அதன்பிறகு அவள் எதையாவது சொன்னால் வெட்டிவிடுவார்கள். ஒருமுறை குழந்தைகளிடம் வேண்டுமென்றே போரைப் பற்றிப் பேசிப் பார்த்தாள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அந்த இடத்தில் என் வாத்து குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒப்பந்தம் எழுபதுவரை. அதற்குள் தானாகப் போனால் வழக்குப் போடுவார்கள். ஆகவே அவர்களே துரத்தட்டும் என்று ஒரு யோசனை பண்ணினாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தொப்பி பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, தொழிற்சாலை ஆட்கள் வருகிற ஒரு மதுக்கடைக்குப் போய், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பீர் கேட்டாள். சிகரெட் பற்றவைத்தாள். நானும் கூடப் போனேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. பிறகு கரிபிடித்த கைகளோடு ஒரு ஆள் எழுந்து வந்தான். "மிஸ் பாலி! நான் அம்பத்தாறுல ஒங்க பெஞ்சில ஒக்காந்தவன். இந்த பீரு என் கணக்கு." அதற்குப் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். மேசை நிறைய பாட்டில்கள். எல்லோரும் சேர்ந்து அந்தப் பிறந்தநாள் பாட்டைப் பாடச் சொன்னார்கள். மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கிணற்றுக்குள் விழுந்தவள் மேலே பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு எழுந்து பாடினாள்.

யாரும் புகார் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆளாவது காட்டிக்கொடுப்பான் என்று ஒரு மாதம் காத்திருந்தாள்.

எழுபதில் ஒப்பந்தம் முடிந்தது. அப்பா அதற்கு முந்திய வருஷமே போய்விட்டார். லொரெட்டா புதுப்பிக்க மறுத்தாள். அடுத்த திங்கட்கிழமை இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி அதே சிவப்புச் சட்டையில், அதே பெயரில் வந்து நின்றாள். பெஞ்சிலிருந்த குழந்தைகள் வித்தியாசமே பார்க்கவில்லை. நான் கஸ்ஸைத் தூக்கினேன், எனக்கும் வேலை வேண்டுமே.

லொரெட்டாவுக்கு ஒரு வங்கியில் நேர்காணல். கேள்வி கேட்க வந்தவர் பாதியில் தன் பெண்ணுக்காகக் கையெழுத்துக் கேட்டார், வேலை கொடுக்கவில்லை. துணிக்கடையில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கூட்டம் வேடிக்கை பார்க்கிறதே தவிர வாங்குவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கடைசியில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை கிடைத்தது. முகம் யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகப் போனாள். அங்கேயும் சிலர், "நீங்க பேசுறது அப்படியே அந்த மிஸ் பாலி மாதிரியே இருக்கு" என்பார்கள். "எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லி இணைப்பைக் கொடுத்துவிடுவாள்.

வெர்னெட்டாவின் அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்று அந்தப் பெண்ணின் தாய் லொரெட்டாவைத் தேடிப்பிடித்துச் சொன்னாள். ஒரு காதில் கேட்பதில்லையாம். லொரெட்டா அன்று வீட்டுக்கு வந்து எனக்கு அழைத்துச் சொல்லிவிட்டு அழுதாள்.

லொரெட்டா நிலையத்தை விட்டு ஒரு வருஷம் கழித்து ஸ்டெல்லா பியாட்டெக் அவள் வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிச் சமைத்த பாத்திரத்தோடு வாசலில் நின்று, "ஒன் பேரு நெசமா என்னடி?" என்று கேட்டாள். அதன்பிறகு வியாழக்கிழமைகளில் இருவரும் சீட்டாடுவார்கள். நானும் சில நாள் போவேன். போரைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஸ்டெல்லா கத்துவாள், சீட்டை வீசுவாள், இனி வரமாட்டேன் என்பாள்.

"சரி போ. ஆனா இந்த ஆட்டத்த முடிச்சுட்டுப் போ, நான் ஜெயிக்கப் போறேன்" என்பாள் லொரெட்டா.

ஸ்டெல்லா முணுமுணுத்துக்கொண்டே வீசிய சீட்டைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி உட்காருவாள்.