ஐந்து கூண்டுகளின் முட்டை

எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. எலியின் வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியே விடும் ஒரு புரதத்தின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். உடம்பில் நோய் புகுந்தால் சில அணுக்கள் இந்தப் புரதத்தை விடும். அது போய்ச் சேர்ந்த அணுக்கள் பெருகி எதிர்க்கக் கிளம்பும். துளியினும் துளியாக இருக்கும் அதை அடையாளம் காண, அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குப்பி சுங்கத்தில் பல நாள் கிடந்து, ஐஸ் எல்லாம் உருகி, வெந்நீராக வந்து சேர்ந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் தோன்றியது, நாமே செய்தால் என்ன? எலிப் புரதத்தைக் கோழிக்கு ஊசி போட்டால், கோழியின் உடம்பு அதை வேற்றுப்பொருளாக எண்ணி ஆன்டிபாடி செய்யும். அது மஞ்சள் கருவில் வந்து சேரும். முட்டையை உடைத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாமக்கல்லில் பிறந்தவளுக்குக் கோழிக்கா பஞ்சம்?

ஒரு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த புரதத்தில் பெரும்பகுதியை பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணனின் பண்ணைக்குப் போனேன். கடைசி வரிசையில் ஐந்து கூண்டுகள், ஐந்து கோழிகள். நான்கு கோழிகளுக்கு ஊசி போட்டேன், நான்காம் கூண்டுக் கோழிக்கு மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் போடவில்லை. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஊசி போட்டுப் பழகிய அண்ணன் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தார். அடுத்தடுத்து மூன்று முறை போய்ப் போட்டேன். தினமும் இடும் முட்டையில் கூண்டு எண்ணும் தேதியும் எழுதித் தனி அட்டையில் வைக்கச் சொல்லியிருந்தேன். அண்ணன் இங்க் பேனாவில் ஒழுங்காக எழுதி வந்தார். இதுவும் தவறினால் வேறு தலைப்பு பார்த்துக்கொள்ளம்மா என்று எங்கள் பேராசிரியர் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் பயம் கூடியது.

முட்டைகளை எடுத்துப்போக நான் போன அன்று, அட்டைகள் முற்றத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முட்டையும் பளபளவென்று இருந்தது. ஒன்றிலும் எழுத்து இல்லை.

அண்ணி ஈரத் துணியால் துடைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் எச்சம் ஒட்டிய முட்டையை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். வியாபாரி வண்டிக்கே துடைத்துத்தான் ஏற்றுவார்கள். நாத்தனார் பட்டணத்தில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் வைக்கப்போகும் முட்டை என்றால் சும்மா விடுவாரா? இங்க் எழுத்தை அண்ணனின் வழக்கமான எண்ணிக்கைக் கணக்கு என்று நினைத்துவிட்டார்.

நான் கத்தினேன். படிக்காதவர்கள் கையில் கொடுத்தது என் புத்திகெட்டதனம் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் வெட்கமாகிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. எல்லா முட்டையையும் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. என்னிடம் மிச்சமிருந்த புரதம் ஏழெட்டு முட்டைக்குத்தான் காணும்.

நான் ஓய்ந்ததும் அண்ணி அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். ஐந்து குவியல் பிரிய ஆரம்பித்தது.

"தெனமும் இந்தக் கையிலதான கண்ணு எடுக்கறேன்" என்றார். "இது நீட்டமா இருக்குதா, மொதக் கூண்டு. மூணாவது கூண்டுக் கோழி முட்டைக்கு அடியில சுண்ணாம்பு பொரிப்பொரியா இருக்கும், தடவிப் பாரு."

தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் வெள்ளை முட்டையாகத்தான் இருந்தது. தேதிக்கு அவரே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். புது முட்டை அடியில் படுத்துவிடும். நாளான முட்டை நிமிர்ந்து நிற்கும். அப்படிக் குவியலுக்குள்ளும் முன்பின் பிரித்துக் கொடுத்தார். நான் நம்பவில்லை. வேறு வழியில்லாததால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்தக் கோழிகள் முட்டை குறைத்துவிட்டன, வயசான கோழி வாங்குபவர் வந்தால் தள்ளிவிடப் போகிறேன் என்று வாசலில் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. இருந்த எரிச்சலில் அதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

சென்னையில் ஒவ்வொரு குவியலிலும் புதிய முட்டையாக ஒன்றை எடுத்து, மஞ்சள் கருவைக் கரைத்துக் கொழுப்பை நீக்கினேன். அகர் என்ற கூழ் பூசிய கண்ணாடித் தகட்டில் சின்னக் குழிகள் வெட்டினேன். நடுக்குழியில் புரதம், சுற்றிலும் ஐந்து முட்டைகளின் சாறு. ஆன்டிபாடி இருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலையில் மூன்றாம் கூண்டுக்கு எதிரே நூல்போல ஒரு கோடு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் மங்கலாக இருந்தது. ஐந்துக்கு வரவில்லை, ஊசி போட்டாலும் சில கோழிகளுக்கு ஆன்டிபாடி ஊறாது. நான்குக்கு எதிரே துப்புரவாக ஒன்றுமில்லை. எந்தக் கோழிக்கு ஊசி போடவில்லை என்று அண்ணிக்குத் தெரியவே தெரியாது.

கோட்டை மட்டும் நம்பாதே என்றார் பேராசிரியர். அந்தப் புரதத்தின் சேதி கிடைத்தால்தான் பெருகும் அணுக்களை வளர்த்து, மூன்றாம் கூண்டின் சாற்றைச் சேர்த்தேன். பெருகுவது நின்றது. நான்காம் கூண்டின் சாற்றில் அவை பாட்டுக்குப் பெருகின. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். பேராசிரியர் சிரித்தபடி, அந்தக் கோழி முட்டை இன்னும் நூறு கிடைக்குமா என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தக் கோழிகளைத் தள்ளிவிடப் போவதாக அண்ணன் வாசலில் சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாள் சேலத்தில் இறங்கி, நாமக்கல் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும்வரை நின்றுகொண்டே போனேன். பண்ணையில் நுழைந்ததும் கடைசி வரிசைக்குத்தான் ஓடினேன். பாதிக் கூண்டுகள் காலி.

அந்த ஐந்தும் இருந்தன. மூன்றாம் கூண்டில் அது தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

அண்ணி தண்ணீர்ச் சொம்போடு பின்னால் வந்தார். என்னை மன்னிச்சிருங்க அண்ணி, அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். விற்காமல் ஏன் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டேன்.

"உங்கண்ணன் புடிச்சுக் குடுக்கத்தான் போனாரு. நாந்தான் உடல" என்றார். "அந்த முட்டைக்காவ நீ அன்னிக்கு அந்தப் பாடு பட்டியே. உன்னைய அப்பிடித் துடிக்க வச்ச கோழிய எப்பிடிக் கண்ணு விக்கறது?"